ரெண்டு கேன் ஆத்துத் தண்ணி

உக்காருங்க தம்பி, பஸ்சுல வேற எடமில்ல. பைதான, நான் மடியில வெச்சுக்கறேன். பாத்து, உள்ள பாட்டில் இருக்குது. சாராயம் எல்லாம் இல்லிங்க, அப்படிப் பாக்காதீங்க. தண்ணிதான். எங்க ஊரு போர்த் தண்ணி, காலையில மோட்டார் போட்டுப் புடிச்சது. கலெக்டர் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போறேன். இன்னிக்கித் திங்கக்கிழமை, மனு நாளு. மனுவோட இந்தப் பாட்டிலையும் மேசை மேல வெச்சு, ஒரு மடக்கு குடிச்சுப் பாத்துட்டு அப்புறம் எம் மேல நடவடிக்கை எடுங்கன்னு கேக்கப் போறேன். வாசல்ல போலீசுக்காரங்க பையெல்லாம் தொறந்து பாப்பாங்களாம், மண்ணெண்ணெய் கொண்டு வரானான்னு. பாக்கட்டும். மோந்து பாக்கட்டும். கண்ணாடி மாதிரி இருக்குதா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

எம் பேரு தீர்த்தகிரி. ஊரு நெருஞ்சிக்கொட்டாயி. டேங்க் ஆபரேட்டரு. இருக்கறேன்னு சொல்றதா இருந்தேன்னு சொல்றதான்னு இன்னிக்கித்தான் தெரியும். பத்தொம்பது வருசமா ஊருக்குத் தண்ணி விட்டவன் நான். இந்தா, பையில தலைய நீட்டிட்டு இருக்குதே இரும்பு, இதுதான் வால்வு சாவி. ஒப்படைன்னு சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன். இப்ப பஞ்சாயத்துத் தலைவரோட மச்சான்தான் தண்ணி விடறான், ஸ்பேனரைப் போட்டுத் திருவிட்டுக் கெடக்கறான். வால்வு வழுக்கிப் போகும், பாருங்க. போகட்டும், எனக்கென்ன.

என்ன குத்தம் பண்ணினேன்னு கேக்கறீங்களா? கேளுங்க. யாரும் கேக்க மாட்டேங்கறாங்க, அதுதான் எனக்கு ஆத்தாமை.

எங்களுக்கு ரெண்டு தண்ணி தம்பி. ஒண்ணு போர்த் தண்ணி. மொதல்ல எறநூறு அடியில கெடச்சுது, அப்புறம் நானூறு, இப்ப எழுநூத்தம்பது. பாறைக்குள்ள இருந்து வருது. இன்னொண்ணு ஆத்துத் தண்ணி, குழாயில வருது, பத்து வருசமா. அது ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடியக்காலையில ரெண்டு மணி நேரம். பாதி டேங்க்தான் ரொம்பும். ஊருல நூத்தி நாப்பது வீடு. பிரிச்சுப் பாத்தா வீட்டுக்கு ஏழு கொடம். ரெண்டு நாளைக்கு ஏழு கொடம். குளிக்கணும், துணி தொவைக்கணும், மாட்டுக்குக் காட்டணும். பத்தலைன்னா யாரைத் திட்டுவாங்க? என்னைத்தான். எங்கம்மாவைத் திட்டுவாங்க, செத்துப் போயி முப்பது வருசமான எங்கம்மாவை.

அதனால என்ன பண்ணுவேன், ஆத்துத் தண்ணி பாதி ஏறினதும் போர் மோட்டாரைப் போட்டு மீதி டேங்க்கை ரொப்பிடுவேன். ரொப்பினா எல்லாருக்கும் ஆச்சு. ஒரு வாய்ச்சண்டை கெடையாது. இன்னொண்ணு தெரியுமா, ஆத்துத் தண்ணி வெறுமனே விட்டா மருந்து வாசனை அடிக்குதுன்னு கொடத்தோட கொட்டுவாங்க. நான் கலந்து விட்டதுக்கப்புறம் என்ன சொன்னாங்க? தீர்த்தகிரி கைபட்டா தண்ணிகூட ருசிக்குதுன்னாங்க. சொன்ன வாய்தான் இப்ப இப்படிப் பேசுது.

எல்லாம் அந்த ஹேமலதா டீச்சர் வந்ததுல இருந்துதான். பள்ளிக்கூடத்துல சயின்ஸ் டீச்சரு, சேலத்துப் பொண்ணு. வந்த ஆறாம் மாசம் புள்ளைங்ககிட்ட, வீட்டுக்கு வீடு ஒரு பாட்டில் தண்ணி கொண்டாங்கன்னு சொல்லியிருக்குது. ஒரு பொட்டி வெச்சிருக்குது. சின்னக் குழாயில தண்ணிய ஊத்தி ரெண்டு சொட்டு மருந்து விடுது. நல்ல தண்ணின்னா ரோஸ் கலரா நிக்குமாம். புளோரைடு சாஸ்தியா இருந்தா மஞ்சளாப் போகுமாம். என்னையும் கூப்பிட்டு விட்டுது. போனேன். ஆத்துத் தண்ணி, நான் குழாய் வாயிலயே புடிச்சுக் குடுத்தது, ரோஸா நின்னுச்சு. போர்த் தண்ணி பட்டு மஞ்சள். டேங்க் தண்ணி ரெண்டும் இல்லாம, பழுத்தும் பழுக்காத மாங்காத் தோல் மாதிரி ஒரு கலரு. அத்தனை புள்ளைங்களும் என்னைத் திரும்பிப் பாக்குது தம்பி. நான் என்னமோ டேங்க்குல வெஷத்தைக் கலந்தாப்பல.

நானும் விடல. ஏம்மா, நீ பல்லு வெளக்கற பேஸ்ட்டுல புளோரைடு இருக்குதா இல்லையான்னு கேட்டேன். டிவியில காட்டறானே, பல்லு கெட்டியாகும், சொத்தை வராதுன்னு. அவன் காசுக்கு விக்கறதையே பூமாதேவி எங்களுக்கு ஓசியில குடுக்கறா, அது கெட்டதான்னு கேட்டேன். நல்ல கேள்விதான? அந்தப் பொண்ணு சிரிச்சுட்டு, ஐயா, கொழம்புக்கு உப்பு போடறோம், ஒரு படி உப்பைப் போட்டா சாப்பிடுவீங்களாங்குது. பேஸ்ட்டு தேய்ச்சுத் துப்பறதாம், தண்ணி முழுங்கறதாம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரைக்கும் போனாப் போகட்டுமாம், நம்ம போர்ல மூணுக்கு மேலயாம். சின்னப் புள்ளைங்களுக்குப் பல்லுல கறை ஏறுமாம், வருசக்கணக்காக் குடிச்சா எலும்புல போயி உக்காந்துக்குமாம், முட்டி மடங்காதாம், முதுகு வளையுமாம். சரி, காய்ச்சிக் குடிக்கச் சொல்லிடறேன்னேன். காய்ச்சினா தண்ணிதான் சுண்டும், புளோரைடு அங்கயே நிக்கும், இன்னும் சாஸ்தியாகும்னுச்சு. இது எந்த ஊரு நியாயம்? டாக்டருல இருந்து ஆயா வரைக்கும் தண்ணியக் காய்ச்சிக் குடிங்கன்னுதான சொல்றாங்க.

அப்புறம் பாலு குடிங்க, முருங்கக்கீரை தின்னுங்க, நெல்லிக்காய் தின்னுங்க, பால் ஊத்தாத வரடீயக் கொறைங்கன்னு ஒரு பட்டியல். டீத்தூள்லயே அது இருக்குதாம். பாலு எங்க இருக்குது? வீட்டுல ஒரு மாடு இருக்குது, கறக்கறது மொத்தமும் சொசைட்டிக்குப் போவுது. எம் பொஞ்சாதி மாதம்மா ஒரு நாளைக்கு அஞ்சாறு தரம் வரடீ வெச்சுக் குடிப்பா. அவளுக்கு அதுதான் சோறு, அதுதான் கொழம்பு.

கடைசியா அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சுன்னா, ஐயா, கலக்காதீங்க, ஆத்துத் தண்ணிய மட்டும் ஒரு மணி நேரம் தனியா விடுங்க, குடிக்க, ஆக்க ஏழு கொடம் தாராளம், போரை அப்புறம் விடுங்க, குளிக்கத் தொவைக்க ஆகட்டும். எப்படி இருக்குது பாருங்க. வால்வு கிட்ட நின்னு பேச்சு வாங்கறவன் நானு, யோசனை சொல்றது அது. ஆகட்டும்மான்னு வந்துட்டேன். மறுநாளும் கலந்துதான் விட்டேன். பழகின கை.

அந்தா முன்னாடி, டிரைவருக்குப் பின்னால ஜன்னலோரமா, ஊதாச் சேலை. அவதான் மாதம்மா. உக்காந்திருக்கற தினுசைப் பாருங்க, கழுத்தைத் தனியாத் திருப்ப மாட்டா, ஒடம்போடதான் திரும்புவா. கீழ உக்காந்தா எந்திரிக்க மாட்டா. அஞ்சு வருசமா ஸ்டூல் மேல நின்னாப்பல உக்காந்துதான் சமையல். இன்னிக்கி பஸ்சுல ஏத்தறதுக்கு நானும் கண்டக்டரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். நாப்பத்தொம்பது வயசுதான் தம்பி. நான் சொல்லிட்டேதான் இருக்கறேன், நடக்கணும், காலை வீசி நடந்தா எல்லாம் சரியாகும்னு. கேக்க மாட்டா. பிரசவத்துல சரியா பத்தியம் இருக்கலை, அதுதான் இப்ப புடிச்சுக்கிச்சு. தண்ணிக்கும் முட்டிக்கும் என்னங்க சம்பந்தம்? நானும் அதே தண்ணிதான குடிக்கறேன். எனக்கு லேசா இடுப்புப் புடிப்புதான், அது மொபெட் ஓட்டறதால.

எங்களுக்கு ஒரே பொண்ணு, வெண்ணிலா. கெட்டிக்காரி. பல்லுல மட்டும் லேசா ரவ காவிக்கோடு விழுந்திருக்கும். எங்க ஊருல யாருக்கு இல்ல? ஆனா அவ சிரிச்சா கைய வெச்சு வாயை மூடிக்குவா, சின்னதுல இருந்து. கல்யாணப் போட்டோவுல பாத்தீங்கன்னா அத்தனை போட்டோவுலயும் ஒதட்டை இறுக்கி மூடிட்டு நிக்கறா. போட்டோக்காரன் சிரிங்கம்மா சிரிங்கம்மான்னு சொல்லிச் சொல்லி அலுத்துட்டான். பவானியில குடுத்தோம். மருமகன் தங்கமான ஆளு. ஆத்தங்கரை ஊரு, தண்ணிக்குப் பஞ்சமில்ல.

இந்தச் சித்திரையில முழுகாம இருக்கறான்னு சேதி வந்துச்சு. ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டுக் கூட்டிட்டு வரப் போனோம். தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான, அதுல என்ன பேச்சு இருக்குது? சம்பந்தியம்மா இழுத்தாங்க. உங்க ஊரு தண்ணிதான் யோசனையா இருக்குதுன்னாங்க, டாக்டரம்மா என்னமோ சொல்லியிருக்கறாங்களாம். பந்தியில அத்தனை பேரு உக்காந்திருக்கறப்ப சொல்றாங்க தம்பி. டேங்க் ஆபரேட்டர்கிட்ட. எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் எந்திரிச்சு நின்னு சொன்னேன், சம்பந்தி, எம் பொண்ணு வாயில ஆத்துத் தண்ணியத் தவிர வேற தண்ணி படாது, இது என் வாக்குன்னு. சொன்னேன். சொன்னதைச் செஞ்சேன். அதுதான் நான் பண்ணின குத்தம்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடியக்காலையில ஆத்துத் தண்ணி வருமில்ல? டேங்க்குக்கு ஏத்தறதுக்கு முன்னாடி, குழாய் வாயிலயே, இருபது லிட்டர் கேன் ரெண்டு புடிச்சுக்குவேன். மொபெட்டுல வெச்சுச் சாக்கைப் போட்டு மூடி வீட்டுக்குக் கொண்டாந்து எறக்கிடுவேன். அப்புறம் வந்து மோட்டாரைப் போட்டுக் கலக்கறதைக் கலந்து ஊருக்கு விடுவேன். அவளுக்குக் குடிக்க, அவளுக்குச் சோறாக்க, ரசம் வெக்க, எல்லாம் அந்தத் தண்ணிதான். அவளுக்குன்னு தனி அடுப்பு, தனிப் பானை. மாதம்மா நின்னுட்டே ரெண்டு சமையலும் பண்ணினா. ஒரு தகப்பன் இதுக்கு மேல என்ன செய்ய முடியும்? சொல்லுங்க.

ரெண்டு மாசம் ஒரு சிக்கலும் இல்ல. எங்க எதுத்த வீட்டுல அஞ்சலைன்னு ஒரு பொண்ணு, அதுவும் மாசமா இருந்துச்சு, ஆறு மாசம். ஒரு நாள் நான் கேனை எறக்கறப்ப வாசல் தெளிச்சுட்டு இருந்துச்சு. மாமா, அது ஆத்துத் தண்ணிதான, எனக்கு ஒரு கொடம் தரீங்களான்னு கேட்டுச்சு. டீச்சரம்மா சொன்னாங்க, மாசமா இருக்கறவங்க இந்த டேங்க் தண்ணி குடிக்கக் கூடாதாம்னுச்சு. நான் என்ன சொல்ல? இது மாட்டுக்கும்மான்னுட்டேன். வாயில வந்துடுச்சு. அந்தப் பொண்ணு கோலப்பொடிக் கிண்ணத்தை எடுத்துட்டு உள்ள போயிடுச்சு.

அடுத்த தண்ணி நாளு குழாய்ல ரெண்டு கேனையும் புடிச்சு மூடிட்டுத் திரும்பறேன், நாப்பது பேரு கொடத்தோட நிக்கறாங்க. தலைவரும் நிக்கறாரு. அஞ்சலை புருசன், மாட்டுக்குக் கொண்டு போற தண்ணிய எங்களுக்கும் குடுங்க மாமாங்கறான். கேனை வெச்சுக்கிட்டு மாட்டிக்கிட்டேன். உம் பொண்ணு வயித்துல இருந்தா புள்ளை, எங்க பொண்ணு வயித்துல இருந்தா கல்லான்னு ஒருத்தி கேட்டா. இத்தனை வருசம் கலந்து விட்டப்ப கொறைன்னு ஒரு வார்த்தை சொல்லலை, இப்ப எல்லாத்துக்கும் முட்டி வலிக்குது, எல்லாத்துக்கும் பல்லு கறை. தலைவரு சாவியக் குடுன்னாரு. நீங்க எனக்கு வேலை குடுக்கல, உங்களுக்கு முன்னாடி நாலு தலைவரைப் பாத்தவன் நானுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அந்த ரெண்டு கேனைக்கூட வுடலை நான். கொண்டாந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தா அங்க ஒண்ணு நடக்குது. வெண்ணிலா வாசப்படியில உக்காந்திருக்கறா, நெறமாசம், கால் வீங்கிக் கெடக்குது. தெருவே கத்தறது அவ காதுல விழாம இருக்குமா? உனக்காகத்தான கண்ணு இத்தனை பேச்சும்னேன். ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லுவான்னு பாத்தேன். அவ கேனைப் பாக்கறா, என்னைப் பாக்கறா. சத்தம் போடலை தம்பி. சத்தம் போட்டிருந்தா நான் பதிலுக்குப் போட்டிருப்பேன்.

"நான் சின்னப்புள்ளையா இருந்தப்ப ஆத்துத் தண்ணி இல்ல, அதை நான் கேக்கலை. இந்தப் பத்து வருசமா சாவி உங்கிட்டதான்பா இருக்குது. அம்மாவுக்கு ஒரு கொடம் புடிச்சியா?"

மாதம்மா அந்த ரெண்டு அடுப்புக்கும் நடுவுல நின்னுட்டு இருக்கறா, கையில கரண்டி. நான் சொன்னேன், "உங்கம்மா ஒரு நாளாவது கேட்டாளா?"

நியாயம்தான தம்பி இது? கேட்டிருந்தா புடிச்சிருப்பேன். ஒரு கொடம் என்ன, பத்துக் கொடம் புடிச்சிருப்பேன். முப்பது வருசத்துல அவ எங்கிட்ட அது வேணும் இது வேணும்னு கேட்டதே கெடையாது. சேலைகூட நானா எடுத்தாந்து போட்டாத்தான். வாயைத் தொறந்து கேக்காதவளுக்கு என்ன வேணும்னு எனக்கு எப்படித் தெரியும்? இதைத்தான் வெண்ணிலாகிட்டயும் சொன்னேன். அவ உள்ள போயி போன் போட்டா. மத்தியானம் மருமகன் காரோட வந்துட்டாரு. கார்ல ஏறறப்ப ஒரு கேனைத் தூக்கி அஞ்சலை வீட்டு வாசல்ல வெச்சுட்டு வாங்கன்னு புருசன்கிட்ட சொன்னா. நான் வாக்குக் குடுத்துப் புடிச்ச தண்ணி. என் கண்ணு முன்னாடியே.

இன்னொரு கேன் வீட்டுல நின்னுச்சு. அதுல நடந்ததைக் கேளுங்க, அதுதான் எனக்குப் பெரிய ஆத்தாமை. அன்னிக்கிச் சாயந்தரம் மாதம்மா டீ வெச்சா. ரெண்டு பாத்திரத்துல வெக்கறா. ஒண்ணுல டேங்க் தண்ணி, அது எனக்கு. இன்னொண்ணுல கேன் தண்ணி, அது அவளுக்கு. சோறும் அப்படித்தான். பொண்ணு போனதுக்கப்புறமும் ரெண்டு அடுப்பு எரியுது வீட்டுல. பத்து நாளு அந்தக் கேன் காலியாகற வரைக்கும் அளந்து அளந்து தனக்கு மட்டும் எடுத்துக்கிட்டா. என்னடி இதுன்னு கேட்டேன். டம்ளரைக் கழுவிக் கவுத்து வெச்சுட்டுப் போயிட்டா. கட்டின புருசனுக்கு ஒரு டம்ளர் ஊத்தணும்னு தோணலை பாத்தீங்களா? இதை நான் யாருகிட்ட போயி மனுக் குடுக்கறது?

இப்ப அவ எங்க போறான்னு கேட்டீங்கன்னா, பவானிக்கு. பொண்ணு வர மாட்டேன்னா நான் போறேன்னுட்டா. தாய் போயி சம்பந்தி வீட்டுல உக்காந்து தலைப்பிரசவம் பாக்கறதை எங்க சனத்துல நீங்க கேட்டிருக்கீங்களா? தலை காட்ட முடியலை எனக்கு. மருமகன் தருமபுரி பஸ் ஸ்டாண்டுல வந்து நிப்பாரு, ஒப்படைச்சுட்டு நான் மனுக் குடுக்கப் போவணும். முப்பது நாளுதான், புள்ளைக்குத் தண்ணி ஊத்தினதும் திரும்பிடுவா. ஆனா பொம்பளைங்களுக்கு மூட்டை கட்டத் தெரியாது தம்பி. மேல பாருங்க, அந்த ரெண்டு பையும் அவளுதுதான். இருக்கற சேலை மொத்தத்தையும் எடுத்து வெச்சிருக்கறா. ஆதார் அட்டை, பேங்க் புக்கு, அவங்கம்மா குடுத்த பித்தளைச் சொம்பு. சாமி படத்துல ஒண்ணைக்கூட கழட்டித் துணியில சுத்தி வெச்சிருக்கறா. மாட்டை அஞ்சலைகிட்ட புடிச்சுக் குடுத்துட்டா, பாலை நீயே குடின்னு. முப்பது நாளைக்கு எதுக்கு இத்தனை? தூக்கி வெச்சதுல என் இடுப்புதான் போச்சு.

மனுவுல என்ன எழுதியிருக்குதுன்னா, பத்தொம்பது வருசம் ஒரு நாள் லீவு போடாம ஊருக்குத் தண்ணி விட்டிருக்கறேன், ஒருத்தரையும் வெறுங்கொடத்தோட அனுப்பினதில்ல, வேலையத் திருப்பிக் குடுங்கன்னு. பொய் இல்லிங்க. வெறுங்கொடத்தோட ஒருத்தரையும் அனுப்பினதில்ல. தண்ணி நல்ல தண்ணின்னு காட்டத்தான் இந்தப் பாட்டிலு.

இருங்க, அவ திரும்பறா. ஒடம்போட திரும்பறா பாருங்க, பக்கத்துல இருக்கற அம்மாவைப் புடிச்சுக்கிட்டு. என்னத்துக்கு? கையைக் காட்டறா. கட்டை விரலை வாய்கிட்ட கொண்டு போறா. தண்ணி. தாகமாம். எங்கிட்ட கேக்கறா.

கேக்கறா தம்பி. என்னைப் பாத்துதான் கேக்கறா.

இந்தா இந்தா, வரேன். பையை ரவ புடிங்க, பாட்டிலை எடுக்கறேன். இந்தா.

இல்ல. இருங்க. இது வேணாம். இது இருக்கட்டும், இது மனுவுக்கு.

தம்பி, உங்க பைப் பக்கத்துல இருக்கற பாட்டிலு, அது எந்தத் தண்ணி? வீட்டுலயே சுத்தம் பண்ணினதுங்களா? பாதி இருக்குதே, போதும். நீங்களே கொண்டு போயி குடுத்துட்டு வந்துடறீங்களா? நான் எடத்தைப் பாத்துக்கறேன். உங்க தண்ணின்னு சொல்லிக் குடுங்க. நான் குடுத்தா குடிக்க மாட்டா.